ஏற்காடு இறக்கத்தில் மட்டும் ‘டக்… டக்…’: செயினா, வீலா?

கேள்வி: நவம்பர் 4, மாலை 6.40

150 சிசி வண்டி, 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் செயின் செட் புதிதாக மாற்றினேன். அதற்கப்புறம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பின்னாலிருந்து ‘டக்… டக்…’ என்று சீராக ஒரு சத்தம். ஏறும்போது இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஊருக்குள் ஓட்டும்போதும் காதில் விழவில்லை. கடையில் கேட்டால் வீல் பேரிங் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: நவம்பர் 4, இரவு 9.15

தம்பி, பேரிங்கைத் தொட வேண்டாம். முதலில் எண்ணுங்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போடுங்கள். பின் டயரில் ஒரு இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, கோடு எத்தனை முறை மேலே வருகிறது, சத்தம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம் என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று: பின் பல்சக்கரம், பிரேக் டிரம், டயர். ஒரு சுற்றுக்கு மூன்று முறைக்குப் பக்கமாக வந்தால் முன் பல்சக்கரம். இரண்டரை, மூன்று சுற்றுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி.

ஏன் அப்படி? என் வண்டியை வைத்துச் சொல்கிறேன். 125 சிசி. முன்னால் 14 பல், பின்னால் 42 பல். சக்கரம் ஒருமுறை சுற்றினால் முன் பல்சக்கரம் சரியாக மூன்று முறை சுற்றும். செயினில் 108 கண்ணி. அது முழுதாக ஒரு வலம் வருவதற்குள் சக்கரம் 108-ஐ 42-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 2.57 சுற்று சுற்றிவிடும். ஆக, சத்தம் எந்தத் தாளத்தில் வருகிறதோ அதே தாளத்தில் சுற்றும் பொருளிடம்தான் கோளாறு இருக்கும். நட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே பாதி விடை கையில் வந்துவிடும்.

உங்கள் வண்டியின் பல்லையும் கண்ணியையும் எண்ணிச் சொல்லுங்கள்.

நவம்பர் 4, இரவு 9.22

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இன்ஜின் ஓடும்போது கியரில் போட்டு சக்கரத்தைச் சுற்றவிட்டு செயினில் கை வைக்காதீர்கள். துணியால் துடைப்பதும் கூடாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு இரண்டு விரல் நுனி இல்லை. துணி மாட்டி, துணியோடு விரலும் உள்ளே போனது. ஒரு நொடி வேலை. எப்போதும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றுங்கள்.

நவம்பர் 5, காலை 6.05

பேரிங் என்று சொன்னவுடன் எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், போன வருடம் எனக்கு நடந்தது இதுதான்.

நான் எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் செய்கிறவன். வாரத்தில் இரண்டு நாளாவது ஏற்காடு போக வேண்டும். காபி, மிளகு எடை போடும் சீசனில் மூன்று நாலு நாள்கூட ஆகும். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு ஆக்ஸிலரேட்டரை மூடித் திறக்க வேண்டும். அப்படி மூடித் திறக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘கடக்’ என்று ஒரு அடி. ஒரே ஒரு அடிதான், தொடர்ந்து வராது.

கடையில் காட்டினேன். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. செயினைக் காலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, “செயின் செட் போயிடுச்சு” என்றார். மாற்றினேன். மறுநாள் ஏற்காடு ஏறினால் முதல் வளைவிலேயே ‘கடக்’. திரும்பப் போனதும் பேரிங் என்றார். அதையும் மாற்றினேன். அதற்குப் பிறகும் ‘கடக்’.

கடைசியில் பார்த்தால் பின் வீல் ஹப்புக்குள் இருக்கும் டேம்பர் ரப்பர்கள் நசுங்கிக் கிடந்தன. பல்சக்கரத்திலிருந்து வரும் இழுப்பை சக்கரத்துக்குப் பதமாகக் கடத்துவதுதான் அந்த ரப்பரின் வேலை. அது தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரைத் திறக்கும்போது இந்தப் பக்கம் ஒரு இடி, மூடும்போது அந்தப் பக்கம் ஒரு இடி.

இதைக் கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். செயினிலும் கியரிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கண்ணைப் பல்சக்கரத்தின் மேல் வையுங்கள். பல்சக்கரம் அசையாமல் நிற்கும்போதே சக்கரம் மட்டும் அசைந்து இடிக்கிறது என்றால் ரப்பர்தான்.

கழற்றிய பழைய செயினை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். அப்புறம் அளந்து பார்த்தேன். 20 கண்ணிக்கு 255.5 மில்லிமீட்டர். நல்ல செயின் அது. இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். அன்றைக்குத்தான் இனி எண்ணாமல், அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

நவம்பர் 5, மதியம் 1.30

அளவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஊரில் பெரும்பாலான 100, 125, 150 சிசி வண்டிகளில் வருவது 428 செயின். அதில் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னுக்கும் (pin) அடுத்த பின்னுக்கும் நடுவே அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 20 கண்ணிக்கு 254. செயினை இழுத்துப் பிடித்து 21 பின் எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளக்க வேண்டும். 259-ஐத் தொட்டால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றிவிடுங்கள். கண்ணித் தகடுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினாக இருந்தால் 1 சதவீதத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

நீளுகிறது என்கிறோம், ஆனால் இரும்புத் தகடு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் அது உட்கார்ந்திருக்கும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு மூட்டில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் 108 மூட்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடும். கொலுசும் அப்படித்தான் தேயும் என்று என் மாமனார் சொல்வார். அவர் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருடமாக வெள்ளிக் கொலுசு வேலை பார்க்கிறவர். வளையமும் வளையமும் உரசும் இடம்தான் முதலில் மெலியும். அறுந்து வரும் கொலுசை எடுத்தவுடன் அவர் விரல் போவது அந்த இடத்துக்குத்தான்.

அளக்க அளவுகோல் இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. பின் பல்சக்கரத்தின் பின்கோடியில், செயின் நன்றாகச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒரு கண்ணியை விரலால் பின்பக்கமாக இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது.

நவம்பர் 6, இரவு 8.50

தம்பி எண்ணிப் போட்டிருக்கிறார்: முன்னால் 15, பின்னால் 42, செயின் 116 கண்ணி. சக்கரம் 11 சுற்று சுற்றியபோது சத்தம் 8 முறை.

116-ஐ 42-ஆல் வகுத்தால் 2.76. செயினில் ஒரு கண்ணிதான் கோளாறு என்றால் 11 சுற்றுக்கு 4 சத்தம் வர வேண்டும். சக்கரம் என்றால் 11. முன் பல்சக்கரம் என்றால் 42-ஐ 15-ஆல் வகுத்து 2.8, ஆக 11 சுற்றுக்கு முப்பதுக்கு மேல். 8 எதிலும் பொருந்தவில்லை. இரண்டு கண்ணிகள் இறுகியிருக்கலாம் என்று தோன்றுகிறது. புதுச் செயினில் எப்படி இரண்டு?

நவம்பர் 6, இரவு 11.10

படுத்தும் தூக்கம் வரவில்லை. இரண்டு கண்ணி என்று எழுதியது தப்பாக இருக்கலாம்.

ஒரே ஒரு கண்ணி இறுகியிருந்தாலும், செயின் ஒரு வலம் வருவதற்குள் அது இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றிப் போகிறது. முன் பல்சக்கரம் சின்னது, அங்கே கண்ணி அதிகமாக மடங்க வேண்டும். அதனால் பலமான சத்தம். பின்னது பெரியது, கொஞ்சம்தான் மடங்கும். அங்கே மெல்லிய சத்தம். ஆக ஒரு வலத்துக்கு இரண்டு சத்தம். 4 வலத்துக்கு 8!

தம்பி, அந்த எட்டுச் சத்தமும் ஒரே மாதிரியா, இல்லை ஒன்று பலமாகவும் ஒன்று மெல்லியதாகவும் மாறி மாறி வருகிறதா? காலையில் எண்ணும்போது இதை மட்டும் கவனியுங்கள். வாகன இரைச்சல் கிளம்புவதற்கு முன், ஐந்து மணிக்கு எண்ணினால் தெளிவாகக் கேட்கும்.

நவம்பர் 7, காலை 7.20

பலம், மெலிவு, பலம், மெலிவு என்று பதில் வந்திருக்கிறது. ஒரே கண்ணிதான்!

இப்போது இறக்கத்தில் மட்டும் ஏன் என்பதும் புரிகிறது. ஏறும்போது இன்ஜின் சக்கரத்தை இழுக்கிறது. செயினின் மேல் ஓட்டம் விறைப்பாகவும் கீழ் ஓட்டம் தளர்வாகவும் இருக்கும். முன் பல்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே வரும் இறுகிய கண்ணி, தளர்ந்த கீழ் ஓட்டத்தில் மடங்கியபடியே சத்தமில்லாமல் பின்னால் போய்விடும். இறங்கும்போது கதை தலைகீழ். ஆக்ஸிலரேட்டரை மூடி கியரில் இறங்குகிறோம், சக்கரம் இன்ஜினை இழுக்கிறது. கீழ் ஓட்டம் விறைத்துவிடும். மடங்கிய கண்ணி முன் பல்சக்கரத்தைவிட்டு வெளியே வந்தவுடனேயே வெடுக்கென்று நிமிர்த்தப்படுகிறது. அந்த ‘டக்’தான் காதில் விழுகிறது.

கண்ணால் பார்க்கவும் முடியும். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே கீழ் ஓட்டத்தில், முன் பல்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். மற்ற கண்ணிகள் எல்லாம் நேராகத் தொங்கும்போது ஒன்று மட்டும் மடக்கிய முழங்கால் மாதிரி துருத்திக்கொண்டு வரும்.

நவம்பர் 7, இரவு 9.40

ஓமலூர் நண்பர் கீழே கேட்டிருப்பது வேறு சத்தம், ஆனால் அதுவும் இறக்கத்தில்தான். ‘சரக் சரக்’ என்று ஒழுங்கில்லாமல், குழியில் இறங்கினால் அதிகமாக. அது பெரும்பாலும் தளர்ந்த மேல் ஓட்டம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேல் அடிப்பது. அங்கே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது தேய்ந்து செயின் நேராக இரும்பை அறுத்துக்கொண்டிருக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் செயின் தடம் பள்ளமாக விழுந்திருந்தால் மாற்றுங்கள். செயின் தளர்வையும் பாருங்கள்.

முழுதாக மூடிய செயின் கவர் உள்ள வண்டி என்றால் செயின் கவரின் தகரத்தில் உரசியே அதே சத்தம் வரும். கவரின் போல்ட் ஒன்று விழுந்திருந்தால்கூடப் போதும்.

‘கீச் கீச்’ என்று எலிக்குஞ்சு மாதிரி வந்தால் செயின் காய்ந்திருக்கிறது. இந்த மழையில் ஏற்காடு போய் வந்தால் ஒரே நாளில் எண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும், மறுநாள் காலையில் துரு நிறம் ஏறியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் 90 கியர் ஆயிலைக் கண்ணிகளின் உள்பக்கம், ரோலர் ஓரமாக, சொட்டுச் சொட்டாக விட்டு சக்கரத்தைச் சுற்றி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வண்டி ஓடி வந்த சூட்டோடு செய்தால் நன்றாக உள்ளே இறங்கும். மேலே கெட்டியாக கிரீஸ் அப்பினால் மண்தான் ஒட்டும். பின்னுக்குள் ஒன்றும் போகாது.

ஓ-ரிங் செயினுக்கு பெட்ரோலும் கம்பி பிரஷும் வேண்டவே வேண்டாம். உள்ளே கிரீஸைப் பூட்டி வைத்திருப்பது அந்த ரப்பர் வளையம்தான்.

நவம்பர் 8, காலை 6.30

தளர்வு எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்விக்கு 25 மில்லிமீட்டர் என்று நேற்று தனியாக ஒருவருக்குப் பதில் போட்டேன். அதைத் திருத்துகிறேன். அது என் வண்டிக்குச் சரி. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு கிடையாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், சில வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பாருங்கள்.

அளவைவிட முக்கியம், எந்த இடத்தில் அளக்கிறீர்கள் என்பது. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் ஆட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் தொளதொளவென்றும் இன்னொரு இடத்தில் விறைப்பாகவும் இருக்கும். விறைப்பான இடத்தில் வைத்துத்தான் டைட் செய்ய வேண்டும். தொளதொள இடத்தில் வைத்து டைட் செய்தால், விறைப்பான இடம் வரும்போது செயின் தந்தி மாதிரி இழுபட்டு முன் ஷாஃப்ட் பேரிங்கையும் வீல் பேரிங்கையும் தின்றுவிடும். பேரிங் போன பிறகுதான் ‘ம்ம்ம்…’ என்று ஒரு முனகல் வரும். லூஸ் செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். அளவுக்கு மீறி டைட்டான செயின் பேசாமல் கெடுக்கும், அதனால் எனக்கு அதன் மேல்தான் பயம் அதிகம்.

பெரும்பாலான கடைகளில் ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு டைட் செய்து கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று, “அண்ணே, ஒரு சுத்து சுத்திப் பாத்துடலாம்” என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நவம்பர் 8, இரவு 10.00

தம்பி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். அஸ்தம்பட்டிக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் என்ன தூரம், வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். செயின் முழுக்க எண்ணெய்க் கறுப்பு, எந்தக் கண்ணி என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார்.

அதுவரை இறக்கத்தில் வேகம் வேண்டாம். செயின் அறுந்து பின் பல்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் அது நடக்கக் கூடாது. எதிரே பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டு வரும் இடம் அது.

நவம்பர் 10, மதியம் 2.15

கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்தது நானில்லை, மாமனார்.

காலை ஒன்பது மணிக்குத் தம்பி வந்தார். திண்ணை ஓரமாக வண்டியை நிறுத்தி, மண்ணெண்ணெய் போட்டுச் செயினைத் துடைத்தோம். சக்கரத்தைச் சுற்றினால் ‘டக்’ கேட்கிறது, ஆனால் அழுக்குப் போன பிறகும் 116 கண்ணியில் எது என்று கண் ஓடவில்லை. முழங்கால் மாதிரி துருத்தும் என்று எழுதினேன் அல்லவா, இது அவ்வளவு துருத்தவில்லை. நான் பெயின்ட்டால் கண்ணிக்குக் கண்ணி புள்ளி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் உள்ளிருந்து வந்தார். எழுபதை நெருங்குகிறார், கண்ணாடி போட்டும் பார்வை மங்கல். “செயினக் கழட்டிக் குடுங்க மாப்ள” என்றார். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் லாக்கைத் தேடினோம். இல்லை. ரிவிட் அடித்து மூடியிருந்தார்கள். கழற்ற முடியாது என்றதும் அவரே குந்தி உட்கார்ந்தார். கீழ் ஓட்டத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தார். என்னைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். இன்ஜின் அணைந்திருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒரு நேரத்தில் நாலு விரல் அகலம் மட்டும் சுற்றி நிறுத்தினேன். ஒவ்வொரு கண்ணியையும் மேலும் கீழுமாக லேசாக மடக்கிப் பார்த்துவிட்டு “ம்” என்பார். நான் அடுத்ததைத் தள்ளுவேன். கொலுசு முடிந்து பாலிஷுக்குப் போகுமுன் அவர் இப்படித்தான் ஒவ்வொரு வளையத்தையும் தடவுவார். பற்றவைக்கும்போது பற்றுப்பொடி உருகி ஒழுகி வளையம் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே கொலுசு மடங்காது.

நாற்பது கண்ணிக்கு மேல் போயிருக்கும். “இது” என்றார். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். அந்த ஒரு கண்ணியில் மட்டும் இரண்டு பின்களின் தலையும் புதிதாக அடிபட்டுப் பளபளவென்று பரந்திருந்தன. மற்ற பின் தலைகள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலான வட்டம். செயின் நீளமாக இருந்திருக்கிறது, கடையில் மிச்சத்தை வெட்டிவிட்டு சுத்தியலால் ரிவிட் அடித்து மூட்டியிருக்கிறார்கள். ஒரு அடி கூடப் போய் வெளித்தகடு உள்தகட்டை இறுக்கிப் பிடித்துவிட்டது. மடங்குகிறது, ஆனால் தானாக நிமிர மறுக்கிறது. இவ்வளவுதான். வீல் பேரிங் பஞ்சு மாதிரி சுற்றுகிறது, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் துளி ஆட்டம் இல்லை.

நவம்பர் 10, மாலை 5.45

அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் கொஞ்சம் நெளித்து எண்ணெய் விட்டால் இளகிவிடும் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். இளகியது, செய்து பார்த்தோம். சத்தமும் குறைந்தது. ஆனால் அதை நம்பி 20 வளைவு இறங்க எனக்கு மனசு வரவில்லை. சுத்தியல் அடி எந்த அளவுக்குப் பின்னைப் பாதித்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அந்த வெளிக்கண்ணியை அறுத்து எடுத்துவிட்டு, அதே அளவில் புது செயின் லாக் போட்டோம். அதே நீளம்தான், வேறெதுவும் மாறவில்லை.

லாக் போடும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மேல் ஓட்டத்தில் வைத்துப் பார்த்தால் மூடிய முனை வண்டியின் முன்பக்கம், பிளந்த முனை பின்பக்கம். மாற்றிப் போட்டால் ஒரு கல்லோ குச்சியோ பட்டு கிளிப் கழன்று போகும்.

கழற்றும்போதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின் பல்சக்கரத்தில் பல்லின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து மின்னுகிறது, வெளிப்பக்கம் பெயின்ட்கூடப் போகவில்லை. சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் அட்ஜஸ்டரின் கோடுகளை இரண்டு பக்கமும் பார்த்தால் ஒரு கோடு வித்தியாசம். சரி செய்தோம். இது இன்னும் ‘டக்’ அளவுக்கு வளரவில்லை, விட்டிருந்தால் சில மாதத்தில் பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து வேறொரு சத்தம் வந்திருக்கும்.

நவம்பர் 12, இரவு 9.05

ஒரு வாசகர் சொல்வது சரி. ஒரு சுற்றுக்கு மூன்று முறை என்றால் முன் பல்சக்கரம் என்று முதல் குறிப்பில் ஒரே போடாக எழுதிவிட்டேன். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. அதன் பேரிங் போனாலும் கிட்டத்தட்ட அதே இடத்திலிருந்து சத்தம் வரும். பேரிங் என்றால் தனித்தனியாக எண்ணும்படி இருக்காது, கரகரவென்று தொடர்ந்து வரும். முன் பக்கக் கவரைத் திறந்து பல்சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் லாக் பிளேட்டின் போல்ட் தளர்ந்திருந்தால் பல்சக்கரம் மட்டும் லொடலொடக்கும். ஷாஃப்ட்டே மேலும் கீழும் ஆடினால் அது பேரிங். இதில் அலட்சியம் வேண்டாம், உடனே கடைக்குப் போக வேண்டிய விஷயம்.

இன்ஜின் சத்தமா, செயின் பக்கச் சத்தமா என்ற குழப்பத்துக்கு: சமதளத்தில் வண்டி ஓடும்போது கிளட்சைப் பிடித்து இன்ஜினை ஐட்லிங்குக்கு விடுங்கள். சத்தம் வண்டியின் வேகத்தோடு தொடர்ந்தால் செயின், வீல் பக்கம். இன்ஜினோடு சேர்ந்து அடங்கினால் இன்ஜின் பக்கம். இதை மலைப்பாதையில் செய்யாதீர்கள். அங்கே கிளட்சைப் பிடித்தால் இன்ஜினின் பிடிமானம் போய்விடும்.

நவம்பர் 12, இரவு 9.20

டயரைச் சொல்ல மறந்தேன். நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் மண் பாதையில் போய்விட்டு வந்த அன்று, தார் ரோட்டில் ஏறியதும் ‘டிக் டிக் டிக்’. மெதுவாகப் போனால் மெதுவாக, வேகமாகப் போனால் வேகமாக. எண்ணினேன். ஒரு சுற்றுக்கு ஒன்று. பின் டயரின் பள்ளத்தில் ஒரு ஜல்லிக்கல். சாவியால் நெம்பி எடுத்துப் போட்டேன், முடிந்தது.

நவம்பர் 16, மாலை 7.30

இன்றைக்குத் தம்பியோடு நானும் ஏற்காடு போய் வந்தேன். காலையில் ஏரிப் பக்கம் பத்தடி தூரம் தெரியாத பனிமூட்டம். எனக்கு ஒரு எஸ்டேட்டில் மிளகுத் தராசு வேலை, அவர் சும்மா கூட வந்தார். திரும்பும்போது நான் அவர் வண்டியை ஓட்டினேன். ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து அடிவாரம் வரை, மூன்றாவது கியரிலும் இரண்டாவது கியரிலும் ஆக்ஸிலரேட்டரை மூடியே இறங்கினேன். ஈரச் சாலையில் டயர் சத்தமும், வளைவுகளில் பஸ்களின் ஹாரனும்தான் கேட்டன. அந்த ‘டக்’ ஒருமுறைகூட வரவில்லை.

பின்னால் என் வண்டியில் வந்த தம்பி அடிவாரத்தில் டீ குடிக்கும்போது சொன்னார், “அண்ணா, உங்க வண்டில மூடித் திறக்கும்போது ஒரு சின்ன அடி இருக்கு.” நான் தினமும் ஓட்டுவதால் காதில் ஏறவில்லை. போன வருடம் போட்ட டேம்பர் ரப்பர் அதற்குள்ளா என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் முதல் கியரில் போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். பல்சக்கரம் நிற்கிறது, சக்கரம் ஒரு நூல் அசைகிறது. வாரம் மூன்று நாள் 20 வளைவு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது. பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி இடுக்கில் செருகி ஓட்டுகிறவர்கள் உண்டு, அவசரத்துக்கு ஆகும். நான் ரப்பர் செட்டே வாங்கிவிடுவேன்.

நவம்பர் 17, காலை 8.10

ஒரு சிறு திருத்தம். நவம்பர் 10-ம் தேதிக் குறிப்பில் நாற்பது கண்ணிக்கு மேல் என்று எழுதியிருந்தேன். மாமனாரிடம் படித்துக் காட்டினேன். ஐம்பத்து மூன்றாவது கண்ணி என்கிறார். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.